வேலை அழுத்தத்தால் உடம்பு கெட்டால் கம்பெனியிடம் இழப்பீடு வாங்க முடியுமா?

டார்கெட் தொல்லையில் தூக்கம் போய், மாத்திரை சாப்பிடும் நிலைக்கு வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் மன அழுத்தத்துக்கு இழப்பீடு வாங்குவது ரொம்பக் கஷ்டம். நான் முயன்று பார்த்தவன். பணம் கடைசியில் வேறு வழியில் வந்தது.

2022-இல் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை பார்த்தேன். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை என் லைன். ஆனி, ஆடி மழையில் ரப்பர் பால் வெட்டு நின்றுபோகும். வெட்டு இல்லாத வீட்டில் வாரத் தவணை எங்கிருந்து வரும்? இது மேனேஜருக்கும் தெரியும், அவரும் இந்த ஊர்க்காரர்தான். ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு போன் வரும், "காசு வராமல் அந்த வாசலை விட்டு எழும்பாதே" என்று. ஒருநாள் ஒரு அக்கா கம்மலைக் கழற்றி என் கையில் வைத்தார். வாங்கவில்லை. திரும்பும் வழியில் நெஞ்சை அடைத்தது, பைக்கை ஓரம் கட்டி உட்கார்ந்துவிட்டேன். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் ஈசிஜி நார்மல் என்று சொல்லி, மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அப்புறம் நாகர்கோவிலில் தெரிந்த வக்கீல் அண்ணனிடம் போனேன். அப்போதிருந்த 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டம் கேட்டது வேலையின்போது, வேலை காரணமாக நடந்த விபத்தை. தொழில் நோய்களுக்குத் தனி அட்டவணை உண்டு. ஈய நஞ்சு, சிலிக்கோசிஸ் (கல் தூசியால் வரும் நுரையீரல் நோய்) எல்லாம் இருக்கிறது, மன அழுத்தம் இல்லை. மாரடைப்பு என்றால் கதை கொஞ்சம் வேறு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிப் போன இடத்தில் இறந்த டிரைவரின் குடும்பத்துக்கு 2012-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் வேலைப் பளுதான் காரணம் என்று காட்டும் பொறுப்பு கேட்பவர் தலையில்தான் என்று அதே நீதிமன்றம் 2006-இலேயே சொல்லியிருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "சரி, உனக்கு ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா?" என்று கேட்டார். சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தொழிலாளர் அரசுக் காப்பீடுதான் ஈஎஸ்ஐ. பிடிக்கிறார்கள் என்றேன். "அப்படியானால் அந்தச் சட்டத்தில் நீ மனுவே போட முடியாதுடே, ஈஎஸ்ஐயில்தான் கேட்கணும்." முதலிலேயே கேட்டிருக்கலாம்!

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ. அங்கேயும் வேலையில் பட்ட காயம் என்று ஏற்றால் சம்பளத்தில் 90%, சாதாரண நோய் என்றால் 70%. என்னுடையதை நோயாகத்தான் எடுத்தார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள், முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. எனக்கு 41 நாளுக்கு வந்தது. கடுமையான மனநோய்கள் சிலவற்றுக்கு 80% வீதம் இரண்டு வருடம் வரை நீட்டிக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்கு இரண்டு வருட சர்வீஸ் வேண்டும். எனக்குப் பணத்தைவிட உதவியது இன்னொன்று: இந்தப் பணம் வாங்கும் காலத்தில் முதலாளி உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது. வேலைக்கு வராவிட்டால் ராஜினாமா எழுதித் தா என்று மிரட்டிய மேனேஜர், வக்கீல் எழுதிய ஒரு பக்கக் கடிதத்துக்கு அப்புறம் வாயே திறக்கவில்லை.

நான் செய்த தப்பு, முதல் மூன்று வாரம் தனியார் டாக்டரிடம் போனது. ஈஎஸ்ஐ டிஸ்பென்சரி டாக்டரின் சான்றுக்குத்தான் அங்கே மதிப்பு. அந்த மூன்று வாரமும் போச்சு. சீட்டில் 'பதற்றம்' என்று மட்டும் எழுதாமல் என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி வந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்கள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டத்துக்குள் வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறியிருக்கும், மனு எழுதும் முன் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அடியுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

உங்கள் சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா? அதைச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.