ஆஸ்கர் மேடையில கரடிக்கு டைம் இருந்துச்சு!

இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல 2023 ஆஸ்கர் பத்திதான். அரசியல் கேள்வி அனுப்புனவங்க கோச்சுக்காம அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: திங்கட்கிழமை விடிகாலைல எந்திரிச்சு லைவா பாத்தீங்களா சார்? எப்படி இருந்துச்சு? – வாசகி, பொள்ளாச்சி

பாத்தேன்மா, அஞ்சரைக்கே ஹாட்ஸ்டார் முன்னாடி உக்காந்தாச்சு, மூணரை மணி நேரம், நடுவுல ரெண்டு காபி. சிவப்புக் கம்பளத்தைத் தூக்கிட்டு இந்த தடவை ஷாம்பெயின் கலர்ல ஒண்ணு விரிச்சிருந்தாங்க, பாக்க மண்டபத்துல ரெண்டு முகூர்த்தம் மிதிபட்ட ஜமக்காளம் மாதிரி இருந்துச்சு. தொகுத்து வழங்குன ஜிம்மி கிம்மல், போன வருஷம் வில் ஸ்மித் மேடையில விட்ட அறையை வெச்சு ஜோக் அடிச்சாரு, பரவால்ல ரகம். ஒரு நல்ல விஷயம், போன வருஷம் எட்டு விருதை முன்னாடியே குடுத்து முடிச்சு எடிட் பண்ணி நடுவுல சொருகுனாங்கல்ல, அந்த அசிங்கம் இந்த தடவை இல்ல, 23 விருதும் லைவ்.

கேள்வி: நம்ம முதுமலை யானைப் பாகன் குடும்பத்தைப் பத்தின குறும்பட டாக்குமெண்டரி 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஜெயிச்சப்ப கத்திட்டேன். ஆனா தயாரிப்பாளர் குனீத் மோங்கா வாயைத் திறக்கறதுக்குள்ள மியூசிக் போட்டு அனுப்பிட்டாங்களே, இது நியாயமா? – வாசகர், கோத்தகிரி

நியாயமே இல்லங்க. நானும் கத்துனேன், அப்புறம் அந்த மியூசிக் வந்ததும் வேற மாதிரி கத்துனேன். டைரக்டர் கார்த்திகி கொன்சால்வஸ் ரொம்ப நல்லா பேசுனாங்க, இயற்கை, பழங்குடி மக்களுக்கு மரியாதைன்னு சுருக்கமா, அழகா. அவங்க முடிச்சுட்டு நகர்ந்து குனீத் மைக்குக்கு வர்றாங்க, ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சிருச்சு, அவ்ளோதான், விருதைத் தூக்கிக் காட்டிட்டு கீழ இறங்க வேண்டியதுதான்.

ரூல் என்னன்னா ஒரு விருதுக்கு 45 செகண்ட், எத்தனை பேர் மேடை ஏறுனாலும் அதேதான். ரூலே தப்புன்னு சொல்ல மாட்டேன். 1943ல கிரீர் கார்சன்னு ஒரு நடிகை அஞ்சரை நிமிஷம் பேசி எல்லாரையும் நெளிய வெச்சாங்களாம், அதுக்கப்புறம்தான் பேச்சுக்கு கடிவாளம் போட ஆரம்பிச்சாங்கன்னு சொல்லுவாங்க. சரி, போடுங்க. ஆனா அதே ஷோல கரடி வேஷம் போட்ட ஒருத்தர் மேடைக்கு வந்து, அப்புறம் ஆடியன்ஸ்ல உக்காந்திருந்த மலாலா கிட்டப் போய் லொள்ளு பண்ற வரைக்கும் டைம் இருந்துச்சு. கழுதையைக் கூட்டிட்டு வந்து கிம்மல் காமெடி பண்ண டைம் இருந்துச்சு. டிஸ்னியோட சேனல்ல ஓடற ஷோல டிஸ்னியோட 'தி லிட்டில் மெர்மெய்ட்' டிரெய்லரை முழுசா ஓட்ட டைம் இருந்துச்சு. குனீத்துக்கு இருபது செகண்ட் இல்லையா?

பெரிய ஹீரோ ஹீரோயின் மூச்சு வாங்கி அழுது முடிக்கற வரைக்கும் வாத்தியக்காரங்க கையைக் கட்டிட்டு உக்காந்திருப்பாங்க, குறும்படம், டாக்குமெண்டரின்னா மட்டும்தான் கை துறுதுறுன்னு வரும். இத்தனைக்கும் குனீத் சம்பந்தப்பட்ட இன்னொரு படம் 2019ல இதே பிரிவுல ஜெயிச்சிருக்கு, அப்ப சிலை அவங்க கைக்கு வரல, இப்பதான் வந்துச்சு.

எல்லாத்தையும் குறை சொல்லக் கூடாது, 'ஆன் ஐரிஷ் குட்பை' குறும்படம் ஜெயிச்சப்ப, அதுல நடிச்ச ஜேம்ஸ் மார்ட்டினுக்கு அன்னிக்கு பிறந்தநாள்னு மொத்த அரங்கமும் ஹேப்பி பர்த்டே பாடுச்சு, டவுன் சிண்ட்ரோம் இருக்கற தம்பி, முகம் பூரா சிரிப்பு. மனசு வெச்சா டைம் கிடைக்கும்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

'எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' நாயகன், பாகன் பொம்மன் அந்த நேரத்துல டிவி முன்னாடியே இல்லங்கறது வேற கதை. தர்மபுரி பக்கம் மின்வேலில பெரிய யானைங்க செத்துப்போய் தனியா நின்ன குட்டிங்க விஷயமா போயிருந்தாரு. முதலமைச்சர் அவருக்கும் அவர் மனைவி பெள்ளியம்மாவுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் குடுத்ததோட, தெப்பக்காடு, கோழிகமுத்தி யானை முகாம்கள்ல இருக்கற 91 பாகன், காவடிங்களுக்கும் (பாகனோட உதவியாளங்க) ஆளுக்கு ஒரு லட்சம்னு அறிவிச்சிருக்காரு பாருங்க, எனக்கு அந்த நியூஸ்தான் விருதை விட ருசியா இருந்துச்சு.

கேள்வி: 'நாட்டு நாட்டு' மேடைல ஆடுனது நம்ம ஆளுங்களே இல்லையாமே? – வாசகர், விழுப்புரம்

முன்வரிசைல ஆடுனவங்க யாரும் இந்திய வம்சாவளி இல்லன்னு அங்க இருக்கற நம்ம டான்சர்களே கொதிச்சுப் போயிருக்காங்க, அது நியாயமான கோவம். அரங்கமே எந்திரிச்சு கைதட்டுனது நிஜம், தீபிகா படுகோனே அறிமுகம் சொல்லும்போதே சத்தம் தாங்காம ரெண்டு மூணு தடவை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டியதாயிருச்சு, எனக்கு புல்லரிச்சுது, மறைக்கல. 'ஆர்ஆர்ஆர்'ங்கற தெலுங்குப் படத்தை பாலிவுட்டுன்னு கிம்மல் சொன்னதை மட்டும் மன்னிக்க முடியல.

எனக்கு உறுத்துனது இன்னொண்ணு. அந்தப் பாட்டு உலகம் பூரா ஓடுனதே ஸ்டெப்பால, ஆனா டான்ஸ் மாஸ்டர் பிரேம் ரக்ஷித்துக்கு சிலை கிடையாது, பாடுன காலபைரவாவுக்கும் ராகுல் சிப்லிகஞ்சுக்கும் கிடையாது, இசையமைச்ச கீரவாணி, எழுதுனவர் ரெண்டு பேருக்குத்தான். 1935ல இருந்து 37 வரைக்கும் வந்த படங்களுக்கு நடன இயக்கத்துக்குன்னு தனி ஆஸ்கர் குடுத்திருக்காங்க, அப்புறம் தூக்கிட்டாங்க. இருந்திருந்தா இந்த வருஷம் போட்டியே இல்ல.

கேள்வி: கீரவாணியும் நம்ம மரகதமணியும் ஒரே ஆளா? என் வீட்டுக்காரர் இல்லங்கறாரு. – வாசகி, கள்ளக்குறிச்சி

பந்தயம் கட்டியிருந்தா காசை வாங்கிக்கோங்கம்மா, ஒரே ஆள்தான். 'அழகன்' படத்துல 'ஜாதிமல்லி பூச்சரமே' போட்டவரேதான். கார்ப்பென்டர்ஸ்ங்கற பழைய அமெரிக்க இசைக்குழுவோட பாட்டு மெட்டுலயே நன்றியைப் பாடி முடிச்சாரு பாத்தீங்களா, பாடுறவரை எப்படி மியூசிக் போட்டு நிறுத்துவாங்க, கெட்டிக்காரர்!

கேள்வி: எங்க ஊர்ப் பொண்ணு மிஷெல் இயோ ஜெயிச்சதைப் பத்தி ரெண்டு வார்த்தை? – வாசகர், ஈப்போ, மலேசியா

வாழ்த்துக்கள், ஊருக்கே பெருமை. 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்துக்காக சிறந்த நடிகை விருது வாங்குன முதல் ஆசியப் பெண், அதுவும் அறுபது வயசுல, உங்க காலம் முடிஞ்சுதுன்னு யாரையும் சொல்ல விடாதீங்க பெண்களேன்னு சொன்னாங்க பாருங்க, எங்க வீட்டம்மா விசிலே அடிச்சிட்டாங்க. அதே படத்துக்கு துணை நடிகர் விருது வாங்குன கீ ஹுய் குவான், வியட்நாம்ல இருந்து படகுல தப்பி வந்து அகதி முகாம்ல இருந்த பையன், அம்மா நான் ஆஸ்கர் வாங்கிட்டேன்னு குழந்தை மாதிரி அழுதாரு. ரெண்டு பேரோட அம்மாவுக்கும் வயசு 84, ரெண்டு பேருமே மேடைல அதைச் சொன்னாங்க. எல்லா பேச்சுலயும் எனக்குப் பிடிச்சது குவான் பேச்சுதான்.

கேள்வி: தமிழ்ப் படம் எப்ப சார் ஆஸ்கர் வாங்கும்? – வாசகர், திருச்சி

'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' பாக்கலயா நீங்க? பொம்மனும் பெள்ளியம்மாவும் அதுல பேசறது தமிழ்தாங்க. நெட்ஃபிளிக்ஸ்ல இருக்கு, நாப்பது நிமிஷம்தான், இன்னிக்கு ராத்திரியே பாத்துருங்க.