விரல் இறங்குவதும் எழுவதும்

அன்புள்ள ஐயா,

ஓராண்டாகச் சிறுவர்களுக்குப் பியானோ கற்பித்து வருகிறேன். ஒன்பது வயது மாணவி ஒருத்தி சுரங்களைப் பிழையின்றி வாசிக்கிறாள். ஆனால் தட்டச்சு செய்வதுபோல எல்லாம் ஒரே சத்தத்தில் விழுகின்றன. எளிய இடங்களில் ஓடுகிறாள், கடினமான இடங்களில் தேங்குகிறாள். சீராகத் தட்டிக் கால அளவு காட்டும் மெட்ரோனோம் கருவியோடு வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுகிறாள். சுரங்கள் முதலில் பழகட்டும், தொடுகையையும் நாதத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பியானோவில் ஒரு கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறது, எப்போது இறங்கி எப்போது எழுகிறது என்பவற்றைத் தவிர விரலின் வசம் ஏறக்குறைய வேறெதுவும் இல்லை. தொடுகை, நாதம், தாளம் மூன்றும் இதற்குள்ளேயே அடங்கிவிடுவதால், ஒன்றை விட்டு மற்றொன்றை முதலில் கற்பிப்பது இயலாத காரியம்.

கட்டை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்குகிறது. அந்தச் சிறு தூரம் முடிவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, பெற்ற வேகத்திலேயே சென்று தந்தியை அடித்துத் திரும்புகிறது. 1700-ஐ ஒட்டி ஃபுளோரன்சில் இசைக்கருவி செய்பவரான கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய முதல் பியானோவின் உயிர்நாடி இந்த விடுபடல்தான். ஆகவே ஒலி எழுந்தபின் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் நாதம் கூடாது. மணிக்கட்டும் தோளும் இறுகுவதுதான் மிச்சம். உங்கள் மாணவியின் மணிக்கட்டைக் கவனியுங்கள், அது இறுகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கட்டை வரிசையின் நடுவில் உள்ள சி கட்டையை (நடு சி) ஒலியே எழாதபடி மிக மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். அடியை நெருங்கும்போது விரலுக்கு ஒரு சிறு தடை தட்டுப்படும். சுத்தியல் விடுபடும் இடம் அது. பிறகு அதே கட்டையில், காதுக்கு எட்டக்கூடிய மிகச் சிறிய ஒலியை எழுப்பச் சொல்லுங்கள். என்னிடம் பயின்ற சிறுவன் ஒருவன் இதைச் செய்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு, காதைக் கட்டைக்கு அருகே கொண்டுபோனான். ஆறு முறை ஒன்றும் கேட்கவில்லை. ஏழாவது முறை நூலிழைபோல ஓர் ஒலி பிறந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அன்று வேறு பாடம் எதுவும் நடத்தவில்லை. (எடையில்லாத கட்டைகள் கொண்ட மின்னணு விசைப்பலகையில் அந்தத் தடை தட்டுப்படாது. தொடுகையின் வேகத்தை உணரும் கருவியாக இருந்தால், சிற்றொலிப் பயிற்சியை மட்டும் செய்யலாம்.)

கை அமைப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. பியானோ இசையமைப்பாளர் சோபின் தம் மாணவர்களுக்கு முதலில் காட்டியது சி-யிலிருந்து தொடங்கும் ஐந்து வெள்ளைக் கட்டைகளை அல்ல. ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்ற ஐந்தை. நீண்ட விரல்கள் மூன்றும் கறுப்புக் கட்டைகளில் அமர்வதால் கை தானாகவே வளைந்து தளர்கிறது.

இனி தாளம். அவள் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நீண்ட சுரங்களில்தான் இருக்கும். நான்கு எண்ணிக்கை நிற்க வேண்டிய சுரத்தில், அடித்து முடித்ததும் விரலுக்கு வேலையில்லை. காதுக்கும் வேலை தராவிட்டால் குழந்தை அடுத்த சுரத்துக்குத் தாவிவிடும். ஒரு சுரத்தை அடித்து, கட்டையைப் பிடித்தபடியே அது தேய்ந்து மறையும்வரை கேட்டு, கேட்காமல் போன கணத்தில் மறுகையை உயர்த்தச் சொல்லுங்கள். அடுத்து அதையே வாய்விட்டு எண்ணியபடி நான்கு எண்ணிக்கை நிறுத்தி, ஐந்தாவது எண்ணிக்கை தொடங்கும் கணத்தில் விரலை எடுக்கச் சொல்லுங்கள். சுரம் முடியும் இடத்தைக் கேட்கத் தொடங்கிய பிள்ளைக்கு, அடுத்தது தொடங்கும் இடத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

மேல்ட்சல் என்பவர் 1815-இல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோமை நான் வெறுப்பவன் அல்லன். எங்கே பிசகினோம் என்று அது நேர்மையாகக் காட்டும். இரண்டு தட்டல்களுக்கு நடுவே என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சில வாரங்களுக்கு அதை மூடி வையுங்கள். பாடத்தின் மிகக் கடினமான வரியை அவள் எந்த வேகத்தில் சிரமமின்றி வாசிக்கிறாளோ, முழுப் பாடத்துக்கும் அதுவே வேகமாக இருக்கட்டும். நீங்கள் அருகில் நின்று அவளோடு சேர்ந்து எண்ணுங்கள்.