சொந்தத் தளத்தில் வீடியோ: காசு கொடுத்துத் தனிச் சேவை வாங்க வேண்டுமா?

கேள்வி: என் தளத்தில் பத்துப் பன்னிரண்டு தையல் பாட வீடியோக்கள் போட வேண்டும். யூடியூப் வீடியோவைப் பதித்தால் பார்ப்பவர்களின் விவரம் கூகுளுக்குப் போகும் என்கிறார்கள். யூடியூப் பதிப்பதற்கென்றே தரும் 'நோ-குக்கி' முகவரி (youtube-nocookie.com) போதுமா, தனிச் சேவை வாங்க வேண்டுமா?

பதில்: இவ்வளவு குறைந்த வீடியோக்களுக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே பணம் கட்டும் ஹோஸ்டிங்கிலேயே எம்பி4 கோப்பாக ஏற்றி, எச்டிஎம்எல்லின் வீடியோ டேக் (<video>) மூலம் காட்டுங்கள். வெளியார் யாரும் நடுவே வரமாட்டார்கள்.

ஆனால் கணக்குப் போட்டுவிடுங்கள். 720பி வீடியோ விநாடிக்கு 2 மெகாபிட் என்றால், பத்து நிமிடத்துக்கு 150 எம்பி. ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் 150 ஜிபி. 'அன்லிமிடெட்' திட்டமாக இருந்தாலும் நியாயமான பயன்பாடு பற்றிய விதியைப் படியுங்கள். வீடியோ ஓட்டக் கூடாது என்று அங்கே எழுதியிருக்கலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்பதை டிக் செய்து கோப்பைச் சுருக்கினால், முழுக் கோப்பும் இறங்கும் முன்பே வீடியோ ஓடத் தொடங்கும். வீடியோ டேக்கில் ப்ரீலோடை 'நன்' (preload="none") என்று வைத்தால், பார்க்காதவர்களுக்காக டேட்டா வீணாகாது.

நோ-குக்கி முகவரியை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. அந்த வீடியோவைப் பார்த்ததை வைத்து யூடியூப் பரிந்துரைகளை மாற்றாது, அது நல்லதுதான். ஆனாலும் உங்கள் பக்கம் திறந்தவுடனே, பிளே அழுத்தும் முன்பே, பார்ப்பவரின் ஐபி முகவரி கூகுளுக்குப் போய்விடுகிறது. யூடியூப்தான் வேண்டும் என்றால் முதலில் ஒரு படத்தை மட்டும் காட்டி, அதைத் தொட்ட பிறகே பிளேயரை வரவழையுங்கள். அந்தப் படமும் உங்கள் சர்வரில் இருக்கட்டும். யூடியூப்பிலிருந்து எடுத்தால் பழைய கதைதான்.

கேள்வி: பார்வையாளர்கள் பெருகிவிட்டால்?

பதில்: அப்போது பன்னி ஸ்ட்ரீம், கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம் போன்ற கட்டணச் சேவைகளைப் பார்க்கலாம். விமியோவில் பதிக்கும் முகவரியோடு 'டிஎன்டி=1' (dnt=1) சேர்த்தால் பார்ப்பவரைப் பின்தொடர்வது நிற்கும். பிரான்ஸின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கிய பியர்டியூப், சொந்தமாக வீடியோ தளம் நடத்த உதவும், எனக்குப் பிடித்த கட்டற்ற மென்பொருள். ஒன்றில் மட்டும் கவனம்: அதில் பார்ப்பவர்களே ஒருவருக்கொருவர் வீடியோவைப் பகிர்வதால், ஒருவரின் ஐபி மற்றவருக்குத் தெரியும். இப்படிப் பகிரும் பி2பி அமைப்பை அணைத்துவிடுங்கள்.

எந்தச் சேவைக்கும் பணம் கட்டும் முன் ஒரு வீடியோவை மட்டும் பதித்துச் சோதியுங்கள். பிரைவேட் விண்டோவில் பக்கத்தைத் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போய்ப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். பிளே அழுத்தாமலே எந்தெந்த வெளி முகவரிகள் வந்து நிற்கின்றன என்று அங்கே தெரிந்துவிடும்.