கம்மின்ஸ் ஆறு சிலிண்டர்: இன்ஜின் வேலை பாக்கறதா, வேற இன்ஜின் மாத்தறதா?

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு வண்டி ஓனர் கேட்டிருக்காரு. 2012 மாடல் டாடா 2518, ஆறு சிலிண்டர் கம்மின்ஸ், மாம்பழக்கூழ் டிரம் ஏத்திட்டு சென்னை ஹார்பர் போற வண்டி. ட்ரிப்புக்கு ட்ரிப் ஆயில் ஊத்தவேண்டியிருக்கு, ப்ரீதர்ல (இன்ஜின் உள்காத்து வெளிய போற குழாய்) புகை தள்ளுது, சேலத்துல இருந்து லோடோட திரும்பினா தொப்பூர் ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது. மெக்கானிக் பழைய இன்ஜின் ஒண்ணு ரெடியா இருக்கு மாத்திடலாம்ங்கறாரு, மச்சான் பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் புதுசா போட்டா போதும்ங்கறாரு. யார் பேச்சை கேக்கறது?

அண்ணா, இன்ஜின்ல கை வெக்கறதுக்கு முன்னாடி ஆயில் எந்த வழியா போகுதுன்னு பாருங்க. ஏர் டேங்க்கை ட்ரெயின் பண்ணுங்க, தண்ணியோட கருப்பா ஆயிலும் நிறைய வந்தா ஏர் கம்ப்ரஸர் ரிங் போயிருக்கு, அந்த கம்ப்ரஸர் காத்தே கிராங்க் கேஸுக்குள்ள (இன்ஜினோட அடிப்பகுதி) இறங்கி ப்ரீதர்ல தள்ளும், பாக்கறவங்க இன்ஜின் போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. அடுத்து டர்போல (இன்ஜினுக்கு காத்தை அழுத்தி அனுப்பறது) இருந்து இன்டர்கூலருக்கு (அந்த காத்தை குளிர வெக்கறது) போற ஹோஸை கழட்டி உள்ள பாருங்க, ஆயில் தேங்கி நின்னா டர்போ மேலயும் சந்தேகம் வைக்கணும். அப்பறம் வெளிய வர்ற புகை நீலமா இருந்தாதான் ஆயில் எரியுது, கருப்புன்னா நாசில், பம்ப், ஏர் ஃபில்டர், ஹோஸ் லீக்குன்னு தேடணும், இழுவை இல்லாததுக்கும் அதுவே காரணமா இருக்கலாம்.

இதெல்லாம் சரியா இருந்தும் இன்ஜின் நல்லா சூடானப்புறம் ஸ்லோல ஓடும்போது ஆயில் ஊத்தற வாய்ல குபுகுபுன்னு தள்ளுதுன்னா இறக்கிட வேண்டியதுதான். ஆனா இறக்கினாலும் முடிவு உங்க கையிலயும் இல்ல மெக்கானிக் கையிலயும் இல்ல, லேத் பட்டறையில எடுக்கற அளவுலதான் இருக்கு. இந்த இன்ஜின்ல கம்பெனியில இருந்தே லைனர் (பிஸ்டன் ஓடற தனிக் குழாய்) கிடையாது, பிஸ்டன் நேரா பிளாக்லயே ஓடுது, ஸ்டாண்டர்ட் போர், அதாவது பிஸ்டன் ஓடற துளையோட விட்டம், 102 மில்லிமீட்டர். தேஞ்சிருந்தா 0.5, அடுத்து 1 மில்லி ஓவர்சைஸ் வரைக்கும் போர் பண்ணி அதுக்கேத்த பிஸ்டன் போடலாம், அதையும் தாண்டிடுச்சுன்னா உள்ள ஒரு குழாய் இறக்கி ஸ்லீவ் அடிக்கணும். போர் ஓவலா இருக்கும்போது புது ரிங் மட்டும் போடறது வீண் செலவு, ரிங் உக்காராது, திரும்ப ஆயில் குடிக்க ஆரம்பிச்சிடும், அதனால அளவு பாக்காம மச்சான் சொல்றத செய்யாதீங்க. கிராங்க்கையும் கிரைண்டிங்குக்கு முன்னாடி கிராக் டெஸ்ட் பண்ண சொல்லுங்க.

பிளாக் வெடிச்சிருந்தா, கனெக்டிங் ராடு பக்கத்தை ஒடச்சிட்டு வெளிய வந்திருந்தா, மெயின் பேரிங் ஹவுசிங் அளவு போயிருந்தா மாத்தறதை யோசிக்கலாம். இல்லன்னா என் ஓட்டு உங்க பிளாக்குக்குத்தான், அதோட சரித்திரம் உங்களுக்கு தெரியும், கடையில கெடக்கற இன்ஜின் எத்தனை லட்சம் ஓடுச்சு, ஹீட் ஆச்சான்னு யாருக்கு தெரியும்? வாங்கியே ஆகணும்னா சம்ப்பை (அடியில இருக்கற ஆயில் தொட்டி) கழட்டி ரெண்டு மெயின் பேரிங்கையாவது பாத்துட்டு, நம்பரை செக் பண்ணிட்டு, பில்லோட வாங்குங்க. மாத்தின 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.யில புது இன்ஜின் நம்பரை ஏத்திடணும், எட்டு வருஷம் தாண்டின வண்டி வருஷா வருஷம் எஃப்.சி.க்கு (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) நிக்கணும், அங்க நம்பர் ஒத்துப் போகலன்னா உங்க பாடு கஷ்டம். திருட்டு வண்டி இன்ஜினா இருந்துட்டா அது வேற கேஸ்.

இன்னொண்ணு, ஏன் தேஞ்சுதுன்னு கண்டுபிடிக்காம எந்த வழியும் எடுக்காதீங்க. கூழ் ஃபேக்டரிக்கு உள்ள போற மண் ரோட்டுல ஏர் க்ளீனர் ஹோஸ் லேசா கிழிஞ்சிருந்தா போதும், புழுதி உள்ள போயி ரிங்கையும் போரையும் அரைச்சிடும், புது இன்ஜின் போட்டாலும் அதே கதிதான். ஹோஸ், கிளாம்ப் எல்லாம் புதுசா போடுங்க. பேரிங் போன இன்ஜின்னா ஆயில் கூலரையும் மாத்துங்க, அதுக்குள்ள தங்கின உலோகத்தூளை முழுசா கழுவி எடுக்க முடியாது, மிச்சம் நேரா புது பேரிங்குக்குத்தான் வரும்.

லேத்ல ஆறு போர் அளவையும் கிராங்க் அளவையும் சீட்டுல எழுதி வாங்கிட்டு அப்பறமா மெக்கானிக்கிட்ட ரேட் பேசுங்க. கியர்பாக்ஸும் பின் ஆக்ஸில் ஹவுசிங்கும் கூட சத்தம் போடுதுன்னா அந்த செலவையும் சேத்து கூட்டிப் பாருங்க, வண்டியோட இன்னைக்கு விலையில பாதிய தாண்டினா இப்படியே வித்துடறது மேல்.