காற்று அடங்கியதும் தாத்தா ஏன் வெளியே வந்தார்? ஒரு மாணவியின் கேள்வியும் அதற்கான படிப்பும்

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் தம் மனைவியோடும் மகளோடும் சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தார். மகள் நீட் தேர்வை இருமுறை எழுதியவள். இரண்டாம் முறை மதிப்பெண் உயர்ந்தும் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிட்டவில்லை. மூன்றாம் முறையும் எழுத வைப்பதா, உறவுக்காரப் பையன் படிக்கும் ஜார்ஜியாவுக்கே மருத்துவம் படிக்க அனுப்பிவிடுவதா என்பது அவருடைய கேள்வி. முகவர் சொன்ன தொகை 32 லட்சம் ரூபாய். கஜா புயலில் அழிந்த தோப்பில் மறுபடி வைத்த தென்னைகள் இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கின்றன. அந்தத் தோப்பை விற்றால் பணம் புரளும் என்றும், வீட்டுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்பதில் தம் மைத்துனர் உறுதியாக இருக்கிறார் என்றும் அவர் சொன்னார்.

ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் விற்ற தோப்பு திரும்பி வராது என்பதால், அவரிடம் நேரில் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். ஐயா, தோப்பை விற்காதீர்கள். 2024-ஆம் ஆண்டு நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல், நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசு, தனியார் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1.1 லட்சம். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புவோர் இங்கே மருத்துவராகப் பதிவுசெய்வதற்கு எழுத வேண்டிய தகுதித் தேர்விலோ, பல பருவங்களில் நால்வரில் ஒருவர்கூடத் தேறியதில்லை. மைத்துனர் கண்முன் இருப்பது ஜார்ஜியாவில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பையன். அவன் இன்னும் அந்தத் தேர்வை எழுதவே இல்லை.

மகள் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. நீட் தவிர வேறு எதைப் பற்றி யோசிப்பாய் என்று கேட்டபோதுதான் பேசினாள். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்த இரவு அவளுடைய தாத்தா முகாமுக்குப் போக மறுத்துவிட்டார். 1977-ஆம் ஆண்டுப் புயலையே பார்த்த வீடு இது என்பது அவர் சொன்ன காரணம். நள்ளிரவுக்குப் பின் காற்று சட்டென்று அடங்கவும், புயல் போய்விட்டது என்று மாட்டைப் பார்க்க வெளியே வந்திருக்கிறார். அவர் கொட்டகையை எட்டுவதற்குள் காற்று எதிர்த் திசையிலிருந்து திரும்பி அடித்தது. முறிந்து விழுந்த மரத்தில் கால் போனது. புயலின் கண் கடந்துபோகும் இடைவெளியே அந்த அமைதி என்பது அவருக்குத் தெரியாது. "எச்சரிக்கையைத் தாத்தா கேட்டார், சார். கேட்டும் ஏன் அப்படிச் செய்தார் என்பதைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள் அந்தப் பெண்.

இந்தக் கேள்விக்கென்று, மக்கள் ஆபத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், அதை அவர்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று ஆராயும் இடர்த் தொடர்பியல் (risk communication) என்ற ஒரு துறை இருக்கிறது என்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை. பொறியியல், வணிகவியல், செவிலியம் பற்றியெல்லாம் சொல்ல ஊரில் நூறு பேர் உண்டு. ஆகவே இந்தத் துறையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மனிதர் ஒவ்வொருவரும் உலகம் இயங்கும் விதத்தைப் பற்றி மனத்துக்குள் ஒரு சிறு மாதிரியை வைத்திருக்கிறார்கள், அதை ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்து நடப்பதைக் கணிக்கிறார்கள் என்று கென்னத் கிரெய்க் என்ற ஸ்காட்லாந்து உளவியலாளர் 1943-இல் எழுதினார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பரூக் ஃபிஷாஃப், கிரேஞ்சர் மார்கன், ஆன் பாஸ்ட்ரம் ஆகியோர் இந்தக் கருத்தை இடர்களைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையில் ஒரு முறையாகவே வளர்த்தார்கள். முதலில் ஓர் இடரைப் பற்றி வல்லுநர்கள் அறிந்தவற்றைக் காரணமும் விளைவுமாகக் கோடிட்டு வரைபடமாக்குவார்கள். அடுத்து, சாதாரண மக்கள் சிலரிடம் எந்த விடையையும் எடுத்துக் கொடுக்காமல் நெடுநேரம் பேசி, அவர்கள் மனத்திலுள்ள படத்தை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்வார்கள். பேட்டிகளில் வெளிப்பட்ட நம்பிக்கைகள் எவ்வளவு பரவலானவை என்று வினாப்படிவம் கொண்டு பெருந்தொகையினரிடம் சோதிப்பார்கள். அதன் பிறகே எச்சரிக்கையை எழுதுவார்கள். எழுதியதையும் மக்களிடம் படிக்கக் கொடுத்துச் சோதித்துத் திருத்துவார்கள்.

ரேடான் வாயுவைப் பற்றிய அவர்களின் ஆய்வைப் படித்தபோது எனக்கு இந்தத் துறையின் மதிப்பு விளங்கியது. மண்ணிலுள்ள யுரேனியத்திலிருந்து பிறந்து வீடுகளுக்குள் கசியும் இந்த வாயு, அமெரிக்காவில் புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. பேட்டி கண்டவர்களில் பலர், கதிரியக்கம் பட்ட வீடு என்றென்றைக்கும் கெட்டுப்போனது என்று நம்பினார்கள். உண்மையில் ரேடானின் அரை ஆயுள், அதாவது அது சிதைந்து பாதியாகக் குறையும் காலம், நான்கு நாளுக்கும் குறைவு. கசிவை அடைத்துக் காற்றை வெளியேற்றினால் வீடு பழையபடி ஆகிவிடும். சரிசெய்யவே முடியாது என்று நம்புகிறவர் எதற்காக வீட்டைப் பரிசோதிப்பார்? ஆபத்து, ஆபத்து என்று எத்தனை முறை அச்சிட்டாலும் அவரிடம் விடுபட்டிருக்கும் அந்த ஒரு செய்தி போய்ச் சேராது. அந்தப் பெண்ணின் தாத்தாவிடமும் இப்படி ஒரே ஒரு செய்திதான் விடுபட்டிருந்தது.

இதையொட்டிய இன்னொரு கிளை, மக்கள் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பது. அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக்கும் அவருடைய குழுவினரும் முப்பது இடர்களை வரிசைப்படுத்தச் சொன்னபோது கல்லூரி மாணவர்கள் அணுமின்சாரத்தை முதலிடத்தில் வைத்தார்கள். வல்லுநர்கள் 20-ஆம் இடத்தில் வைத்தார்கள். வல்லுநர்களின் வரிசை பெரும்பாலும் இறப்பு எண்ணிக்கையை ஒட்டியிருந்தது. மற்றவர்களோ, எவ்வளவு கொடூரமானது, எவ்வளவு புரியாதது என்பதையும் சேர்த்து எடைபோட்டார்கள். பெயர் கேள்விப்படாத படிப்பு உங்களுக்கு ஆபத்தாகவும், ஜார்ஜியா பாதுகாப்பாகவும் தோன்றுவதற்குக் காரணமும் இதுதான்.

இனி வழியைச் சொல்கிறேன். உங்கள் மகள் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படித்தவள். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் புள்ளியியலோ உளவியலோ எடுக்கட்டும். ஆண்டுச் செலவு சில ஆயிரங்களில் முடியும். என் விருப்பம் புள்ளியியல், ஏனென்றால் எண்ணைக் கையாளத் தெரியாதவர் இந்தத் துறையில் நெடுந்தூரம் போக முடியாது. ஃபிஷாஃப் இளநிலையில் கணிதத்தையும் உளவியலையும் சேர்த்தே படித்தவர். அடுத்து, மனம் எப்படி அறிகிறது, முடிவெடுக்கிறது என்பதை ஆராயும் அறிதல் அறிவியலில் (cognitive science) முதுநிலை. காந்திநகர் ஐ.ஐ.டி., ஐதராபாத் பல்கலைக்கழகம், அலகாபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இந்தத் துறை இருக்கிறது. மண்டி ஐ.ஐ.டி.யில் நிலச்சரிவு அபாயத்தை மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைக் கணினிப் போலியாக்கத்தின் (simulation) வழியே ஆராய்கிறார்கள். சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அதாவது முனைவர் பட்டப் படிப்புக்கு நீங்கள் கொடுக்க வேண்டியிருக்காது, அவள் பெற்றுக்கொண்டு படிப்பாள்.

குறைகளையும் மறைக்கமாட்டேன். இந்தப் பெயரில் வேலைவாய்ப்பு விளம்பரம் அதிகம் வராது. பேரிடர் மேலாண்மை, பொதுச் சுகாதாரம், காப்பீடு, மருந்து நிறுவனங்கள், மென்பொருள் பயனர் ஆய்வு என்று சிதறிக் கிடக்கும் வேலைகளைத் தேடிப் போக வேண்டும். முதல் சம்பளம் சிறியதாக இருக்கலாம். ஆங்கிலத்தில் நிறைய வாசிக்க வேண்டும். முழு ஆராய்ச்சியாளராக ஏறத்தாழ பத்தாண்டு ஆகும். ஆனால் நடுவில் எங்கே நின்றாலும் கையில் ஒரு புள்ளியியல் பட்டம் இருக்கும், தலைமேல் கடன் இருக்காது. ஜார்ஜியாவில் மூன்றாம் ஆண்டோடு நின்றால் என்ன மிஞ்சும் என்பதை மைத்துனரிடம் கேளுங்கள். அவர் கட்டணத்தில் பாதியைத் தாமே தருவதாகச் சொன்னாலும் என் பதில் மாறாது; எட்டு வருடமாக ஒரே கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கும் பெண்ணிடமிருந்து அந்தக் கேள்வியைப் பறிக்க அவருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

விண்ணப்பம் போடுவதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்து பார்க்கட்டும். ஊரில் பத்துப் பேரிடம், ஆளுக்கு ஒரு மணி நேரம், கஜாவைப் பற்றிப் பேச வேண்டும். ஏன் முகாமுக்குப் போகவில்லை என்று தொடங்கக் கூடாது. குற்றம் சாட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள். புயல் எப்படி வரும், எப்படிப் போகும் என்று சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல், அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். நான்காவது ஆளிடமே சலித்துவிட்டால் வேறு படிப்பைப் பற்றிப் பேசுவோம். முதல் ஆளாகத் தாத்தாவிடமே கேட்கட்டும். அந்தக் குறிப்பேட்டோடு அடுத்த மாதம் மூவரும் வாருங்கள். அதுவரை தோப்புக்கு விலை பேசாதீர்கள்.