எட்டு மாதக் குழந்தைக்குச் சளி: தேனும் கற்பூர எண்ணெயும் கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு அருகே வசிக்கிறோம். இந்தப் பனியில் வீட்டில் எல்லோருக்கும் சளி. மாமியார் தரும் சுக்கு, மிளகுக் கஷாயமும் நொச்சி இலை ஆவியும் எங்களுக்கு இதமாக இருக்கின்றன. எட்டு மாதக் குழந்தைக்கும் துளசிச் சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுத்து, மார்பில் கற்பூர எண்ணெய் தடவலாம் என்கிறார். செய்யலாமா?

மருத்துவர் பதில்: பெரியவர்களுக்கு உங்கள் மாமியார் செய்வதில் தவறில்லை. குழந்தைக்குச் சொன்ன இரண்டையும் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோ வைரஸ்கள். அவற்றைக் கஷாயம் அழிப்பதாக நிரூபணமில்லை, ஆன்டிபயாட்டிக்கும் அழிக்காது; 7 முதல் 10 நாட்களில் உடலே சரிசெய்துகொள்கிறது. ஆனாலும் கஷாயம் தரும் இதம் உண்மையானது. மிளகிலுள்ள பைப்பரின் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் மூக்கிலும் தொண்டையிலும் நீர் சுரந்து, கெட்டிச் சளி இளகுகிறது. இஞ்சி காயும்போது அதிலுள்ள ‘ஜிஞ்சரால்’ என்ற காரப்பொருள் நீரிழந்து, அதைவிடக் காரமான ‘ஷோகால்’ என்ற பொருளாக மாறுவதால்தான் சுக்குக்கு அவ்வளவு காரம். சூடும் தன் பங்குக்கு உதவுகிறது: 2008இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஒரே பழபானத்தைச் சூடாகவும் ஆறவைத்தும் கொடுத்துப் பார்த்தபோது, தொண்டை வலி, குளிர், அசதி ஆகியவை சூடான பானத்தில் மட்டுமே குறைந்தன.

குழந்தையின் நிலை வேறு. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரந்தால், மலச்சிக்கலில் தொடங்கி, அழுகுரல் மெலிந்து, கழுத்து துவண்டு, மூச்சுத் தசைகள் வரை செயலிழக்கலாம். பென்னாகரத்துக் காட்டுத் தேனானாலும் கடைத் தேனானாலும் இதுவே, வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகா. ஒரு வயதுக்குப் பிறகு, இரவு இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் நல்ல மருந்து.

கற்பூரம் மூக்கடைப்பைத் திறப்பதில்லை. குளிர்ச்சியை உணரவைத்து, திறந்ததுபோல் தோன்றச் செய்கிறது. அது தோல் வழியாகவும் உடலுக்குள் சேரும், அதை முறிக்கும் திறன் குழந்தையின் ஈரலுக்குப் போதாது என்பதால் வலிப்பு வரலாம். எட்டு மாதத்தில் தவழும் பிள்ளை கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும். பூஜைக் கற்பூரத்தையும் இன்றே உயரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். ஆவியும் குழந்தைக்கு வேண்டாம். கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து தொடை வெந்த குழந்தைகளை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன், அந்த அலறல் என் காதைவிட்டு அகலுவதில்லை. மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும்.

தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பாலூட்டும் முன் ஒவ்வொரு நாசியிலும் இரண்டு சொட்டு விட்டால், குழந்தை மூச்சு முட்டாமல் பால் குடிக்கும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அது 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழைத்துத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.