டெமராரா போன முனுசாமியைத் தேடுவது எப்படி?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, 1850களில் மெட்ராஸிலிருந்து டெமராராவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனாராம். அவர் வம்சத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உண்டு, ஆனால் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். அந்தக் கப்பல்களில் எத்தனையோ முனுசாமிகள்! டெமராரா, தென் அமெரிக்காவிலுள்ள இன்றைய கயானாவில் இருக்கிறது. அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனில் உள்ள வால்டர் ராட்னி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். கப்பல் பெயர், வந்த ஆண்டு, குடியேறியவருக்குக் கொடுத்த பதிவு எண் ஆகிய மூன்றும்தான் சாவி. அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் பெற்றோரின் எண்ணும் கப்பலும் பல சமயம் இருக்கும்.

எண் கிடைத்தால் குடியேற்றச் சீட்டை (கப்பலேறும்போது ஒவ்வொருவருக்கும் எழுதிய சீட்டு) கேளுங்கள். தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை அதில் எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயரும் கிராமமும் உங்கள் வீட்டுத் தகவலோடு பொருந்தினால்தான் அவர் உங்களவர்.

பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். 'மெட்ராஸ்' என்றிருந்தால் சொந்த ஊர் என்று நம்பிவிடுவார்கள். அது பெரும்பாலும் கப்பலேறிய துறைமுகம்தான். அடுத்தது எழுத்துக்கூட்டல். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருக்கலாம். 'மு', 'மூ', 'மொ' எல்லாவற்றிலும் பாருங்கள். அவர் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகியிருக்கவும் கூடும்.

அன்றைய பிரெஞ்சுத் துறைமுகங்களான புதுச்சேரி, காரைக்காலில் ஏறியிருந்தால், கரீபியனிலுள்ள பிரெஞ்சுத் தீவுகளான மார்டினிக், குவாடலூப் பக்கம் தேட வேண்டும். அந்த ஆவணங்களுக்கு பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் காப்பகம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆண்டு தெரியாமல் போனால் அலைச்சல்தான்.